192 கிலோஹெர்ட்ஸில் மின்விசிறியைப் பதிவு செய்வது எப்படி

யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வந்துவிட்டதா? வாழ்த்துகள். பெட்டியைப் பிரியுங்கள். உள்ளே கைக்கு அடக்கமாக ஒரு கருவி, ஒரு வயர், பல மொழிகளில் ஒரு விளக்கத் தாள். தாளைத் தூக்கிப் போடுங்கள். அட்டைப்பெட்டியை மட்டும் பத்திரமாக வையுங்கள். '24 பிட் / 192 கிலோஹெர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது அதன்மேல்தான். வீட்டில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டு எண்கள் மட்டுமே.

1982-இல் குறுந்தகடு கடைக்கு வந்தபோது அதன் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை. அதன் இரு மடங்குக்குச் சற்று மேலே அளந்தால் ஒலி முழுதாகக் கிடைத்துவிடும் என்பது அன்றைய பொறியாளர்களின் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் சரியான கணக்கை யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது? பெரிய எண்ணைத்தான் காட்ட முடியும்.

கீழே வருவதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மீதியையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. மைக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்

மெல்லிசைக் கச்சேரி மேடைகளில் பார்த்திருப்பீர்களே, உருண்டை வலைத் தலையோடு, ஷூர் எஸ்எம்58. 1966-இலிருந்து இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் முதல் 15 கிலோஹெர்ட்ஸ் வரை எடுக்கும் என்று தயாரித்தவர்களே போட்டிருக்கிறார்கள். அதையே மாட்டுங்கள். 192-இல் பதிவு செய்யும் கோப்பில் 96 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. 15-க்கும் 96-க்கும் நடுவே என்ன பதிவாகிறது என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுங்கள். வௌவால்கள் பேசிக்கொள்ளும் பிரதேசம் அது. அவையே உங்கள் ஜன்னலில் வந்து தொங்கிக்கொண்டு பேசினாலும் இந்த மைக்குக்குக் கேட்காது. போகட்டும், இடம் இருக்கிறதல்லவா?

கண்டென்சர் மைக் வாங்கியிருக்கிறீர்களா? இன்னும் நல்லது. ஸ்டுடியோவில் நிறுத்திவைக்கும் பெரிய கண்டென்சர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கவாட்டில் நின்று பாட வேண்டும். நீங்கள் அதை ஐஸ்கிரீம்போல் நீட்டிப் பிடித்து உச்சியில் பாடச் சொல்லுங்கள். அதற்குப் பாட வந்தவர் ஒப்பவில்லை என்றால் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள். பின்பக்க ஒலியை ஒதுக்குவதற்கென்றே வடிவமைத்த மைக் அது.

கருவியின் முகப்பில் '48 வோல்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. அதைத் தொடாதீர்கள். 48 வோல்ட் என்றால் சும்மாவா? சத்தம் வரவில்லையென்றால் கெயின் குமிழைக் கடைசிவரை திருப்புங்கள். 'உஸ்ஸ்' என்று ஒன்று வரும். அதுதான் ஹை-ரெசல்யூஷன் என்று பாட வந்தவரிடம் சொல்லுங்கள்.

2. வயரையும் ஹப்பையும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

பெட்டியில் வந்த வயர் குட்டை. மேசை டிராயரில் கிடக்கும் செல்போன் சார்ஜர் வயரை எடுங்கள். மலிவு வயர்கள் சிலவற்றில் மின்சாரம் போக மட்டும்தான் கம்பி இருக்கும், தகவல் போக இருக்காது. கருவியில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒரு ஜீவன் மாட்டியிருப்பதே தெரியாது. மாலை முழுவதும் இதில் போகும். பொறுமை பழக நல்ல வழி.

சரியான வயர் கிடைத்துத் தொலைத்தால், நேரே கம்ப்யூட்டரில் சொருகாமல் ஹப்பில் சொருகுங்கள். தனி மின்சாரம் இல்லாத, நான்கு வாய் ஹப் உத்தமம். யுஎஸ்பி 2.0 வாய் ஒன்று கொடுப்பது 500 மில்லியாம்பியர். அதைக் கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ், உங்கள் இன்டர்ஃபேஸ் நால்வரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். அந்த 48 வோல்ட்டும் இந்தப் பங்கிலிருந்துதான் பிறக்க வேண்டும். பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்துக் கருவி தொடர்பு அறுந்து 'டிங்' என்று திரும்ப வரும்.

3. டிரைவரா? எதற்கு?

2017-இல் வந்த புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் 10 இந்தக் கருவிகளில் பலவற்றைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்கிறது. சத்தம் வருகிறது, போதும். தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய் அவர்களுடைய ஏசியோ டிரைவரை இறக்குவது பயந்தாங்கொள்ளிகள் வேலை. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் ஏசியோவைக் கொண்டுவந்ததே, விண்டோஸின் ஒலிக்கலவையைத் தாண்டி மென்பொருள் நேரே கருவியோடு பேசட்டும் என்றுதான். உங்களுக்கு என்ன அவசரம்? பட்டியலில் முதலில் எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரையும் கலந்து பேச வையுங்கள்.

4. நான்கு இடத்தில் நான்கு எண் போடுங்கள்

இது நம் பயிற்சியின் இதயம். நிதானமாகச் செய்யுங்கள்.

சாம்பிள் ரேட் (அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அதே கிலோஹெர்ட்ஸ்) என்ற ஒரே விஷயத்தைக் கேட்கும் இடங்கள் உங்கள் கம்ப்யூட்டரில் நான்கு. கருவியின் கண்ட்ரோல் பேனல், விண்டோஸின் சவுண்ட் அமைப்பு, பதிவு மென்பொருள், பாட்டுக் கேட்கும் பிளேயர். முதலாவதில் 192 போடுங்கள். அதை ஒரு படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புங்கள். மற்ற மூன்றையும் ஏற்கெனவே எப்படிக் கிடந்ததோ அப்படியே விடுங்கள்: விண்டோஸில் 48, மென்பொருளில் 44.1, பிளேயரில் 96.

விண்டோஸில் அந்த இடத்தைத் தேடிப் போகவே கூடாது. தப்பித்தவறிப் போனால், 'அட்வான்ஸ்ட்' என்ற தாவலில் 'டீஃபால்ட் ஃபார்மட்' என்று ஒரு பட்டியல் விரியும். '16 பிட், 44100 ஹெர்ட்ஸ்' பக்கத்தில் 'சிடி குவாலிட்டி' என்றும் '24 பிட், 192000 ஹெர்ட்ஸ்' பக்கத்தில் 'ஸ்டுடியோ குவாலிட்டி' என்றும் எழுதியிருக்கும். துணி காயும் படுக்கையறைக்கு மைக்ரோசாஃப்ட்டே கொடுக்கும் சான்றிதழ்! ஆனால் அதே பட்டியலில் கொஞ்சம் மேலே '24 பிட், 44100 ஹெர்ட்ஸ்' என்ற வரி இருக்கும். அதன் பக்கத்திலும் 'ஸ்டுடியோ குவாலிட்டி' என்றே இருக்கும். அந்த வரியைப் பார்க்காத மாதிரி கீழே இறங்கிவிடுங்கள்.

விண்டோஸ் வழியாகக் கேட்கும்போது என்ன நடக்கிறது தெரியுமா? எந்த எண்ணில் பாட்டு வந்தாலும் அது தன்னிடம் உள்ள எண்ணுக்கு மாற்றி, மெயில் வந்த 'டிங்'கையும் சேர்த்துக் கலந்து, பிறகுதான் கருவிக்கு அனுப்பும். பிளேயரில் 'எக்ஸ்க்ளூசிவ்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் இந்தக் கலப்படம் நின்றுவிடும். டிக் போடாதீர்கள். மேக்காரர்கள் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற பயன்பாட்டை ஒருமுறைகூடத் திறக்காமலே வாழ்ந்துவிடலாம். லினக்ஸ்காரர்களுக்கு ஒரு ஆபத்து: '/ப்ராக்/அசவுண்ட்' அடைவுக்குள் 'ஹெச்டபிள்யூ_பாராம்ஸ்' என்ற சின்னக் கோப்பு இருக்கிறது. கருவி இந்த நொடியில் உண்மையாகவே எந்த எண்ணில் ஓடுகிறது என்று அது ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எண்கள் மாறிக் கிடந்தாலும் மென்பொருள் நல்ல புத்தியோடு தானே மாற்றிக்கொண்டால் வித்தியாசம் காதுக்குத் தெரியாமல் போய்விடும். மனம் தளராதீர்கள். சில நாள் மாற்றாமலும் விடும். 44.1-இல் பதிவானது 48-இல் ஓடினால் சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே, எந்தத் தம்புராவிலும் இல்லாத கட்டையில் உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரக் கச்சேரி 55 நிமிடத்தில் முடிந்துவிடும். 'விறுவிறுப்பாகப் பாடினீர்கள்' என்று சொல்லி அனுப்புங்கள்.

5. கெயினைச் சிவப்பில் வையுங்கள்

பச்சை விளக்கு எரிந்தால் சத்தம் போதவில்லை என்று பொருள். மஞ்சள் எரிந்தால் இன்னும் கொஞ்சம் முயற்சி தேவை. சிவப்பு வந்தால் கைதட்டுங்கள்.

இந்த இடத்தில் சிலர் வந்து குட்டையைக் குழப்புவார்கள். ஒரு பிட் என்பது சுமார் 6 டெசிபல்; ஆகவே 24 பிட்டில் ஏட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது; நல்ல கருவிகளே நடைமுறையில் 120 டெசிபலை ஒட்டித்தான் நிற்கின்றன; அதனால் உச்ச சத்தத்தை மைனஸ் 12-இல் வைத்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது என்பார்கள். 24 பிட்டை வாங்கியதன் ஒரே உருப்படியான பலன் இப்படித் தாழ்த்தி வைத்துக்கொள்ளும் சௌகரியம்தான் என்றும் சொல்வார்கள். காசு கொடுத்தது நீங்களா, அவர்களா? முழுதாகப் பயன்படுத்துங்கள்.

அளவு பார்க்கும் முறை: பாட வந்தவரைச் சும்மா 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' சொல்லச் சொல்லுங்கள். அந்தக் குரலுக்குச் சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழே குமிழை நிறுத்துங்கள். பிறகு பதிவைத் தொடங்குங்கள். அவர் மத்திய ஸ்தாயியில் ஆலாபனை எடுத்து, அரும்பாடுபட்டு, மெல்ல மெல்ல ஏறி, தார ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டுக் கண்ணை மூடி நிற்கும்போது, அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டு 'கர்ர்' என்று ஒலிக்கும். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், பிறகு குறைத்தாலும் ஒட்டாது. 'இன்னொரு தடவை அதே மாதிரி பாடிடுங்க' என்று கேளுங்கள். அவர் பார்க்கும் பார்வை பதிவாகாது.

6. பஃபரில் விளையாடுங்கள்

மென்பொருள் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் கூடைக்குப் பெயர் பஃபர். முதலில் அதை 1024 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் இது போக 21 மில்லிசெகண்ட், வர 21. மொத்தம் 42. ஒலி 14 மீட்டர் நடக்கும் நேரம். தன் குரல் தெருக்கோடியிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டபடி பாடுவது எந்த வித்வானுக்கும் நல்ல சாதகம். கருவியில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் மைக் ஒலி கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேரே ஹெட்போனுக்கு வந்து தாமதம் தீர்ந்துவிடும். அதையும் அமுக்குங்கள், மென்பொருளின் மானிட்டரையும் அணைக்காமல் விடுங்கள்.

"சார், என் குரல் எனக்கே ரெண்டா கேக்குதே?"

"அது ஸ்டீரியோ, மேடம்."

மிருதங்கக்காரருக்கு இந்த ஏற்பாடு இன்னும் விசேஷம். தன் அடியின் எதிரொலிக்கு ஈடுகொடுத்து வாசித்து வாசித்து, ஆறாவது ஆவர்த்தனத்துக்குள் எடுப்பு எங்கே என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

புகார் வலுத்தால் எதிர்த் திசைக்குப் பாயுங்கள். பஃபர் 32, சாம்பிள் ரேட் 192. இப்போது கம்ப்யூட்டர் நொடிக்கு 6000 தடவை கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்க வேண்டும். வைஃபை ஓடட்டும், ஆன்டிவைரஸ் ஓடட்டும், பிரவுசரில் சமையல் வீடியோவும் ஓடட்டும். ஒரு கூப்பாட்டுக்கு அது வராமல் போனால் 'டப்', 'கிறிக்' என்று பதிவில் விழும். பழைய கிராமபோன் தட்டின் மணம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தக் காலத்து ரசிகர்கள் உருகிவிடுவார்கள்.

7. அறையை மாற்றாதீர்கள்

சித்திரை மாதம், மாடி வீடு. மின்விசிறியை நிறுத்தச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஓடட்டும். ஐந்தாம் எண்ணில் ஓடட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்று ஒரு தட்டு தட்டுமே, அது தாளத்துக்கு வெளியே இருந்தால் மேலும் சிறப்பு. ரெகுலேட்டர் பழைய பெட்டி மாதிரியாக இருந்தால் எலக்ட்ரானிக் குமிழுக்கு மாறுங்கள். வேகத்தைக் குறைக்க மின் அலையை நறுக்கித் தரும் வகை வயரில் ஒரு 'ர்ர்ர்' சேர்க்கும். லேப்டாப் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும், ஸ்பீக்கர் வேறொரு பிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். பூமிக்கம்பி இரண்டு வழியாகச் சுற்றி வந்து 50 ஹெர்ட்ஸில் நிரந்தரமான ஒரு ஹம் கொடுக்கும். சுருதிப் பெட்டிச் செலவு மிச்சம் என்று பார்த்தால், அந்த ஹம் ஜி-க்கும் ஜி-ஷார்ப்புக்கும் நடுவே நிற்கிறது. ஐந்து கட்டைக்காரரை உறுத்திக்கொண்டே இருக்கும். மேலே சொன்னபடி பாட்டையும் 48-இல் ஓட்டினால் ஒருவேளை சமாதானமாகப் போவார்கள்.

மின்வெட்டு வந்தால் பதிவை நிறுத்தாதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டர் இதற்கென்றே வீட்டில் இருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. விசிறி ஓடும் அறையின் இரைச்சலுக்கு மேலே, ஒரு அடி தூரத்தில் பாடும் குரல் உச்சத்தில் எழுவது 50, 60 டெசிபல். பிட்டுக்கு 6 டெசிபல் வீதம் அது பத்து பிட்டில் அடங்கிவிடும். மீதி 14 பிட்? விசிறிக்கும், கருவியின் சொந்த இரைச்சலுக்கும். குறுந்தகட்டின் 16 பிட்டில் விசிறிக்கு இவ்வளவு நுணுக்கம் கிடைத்திருக்காது. இறக்கையில் படிந்த தூசியின் ஓசைகூட ஒருவேளை உள்ளே இருக்கலாம்.

8. நீளமாகப் பதிவு செய்யுங்கள்

192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு 69 எம்பி. 48-இல் 17 எம்பிதான் ஆகும். வித்தியாசத்தைப் பார்த்து மலைக்காதீர்கள், பெரிய கோப்பு என்றால் கனமான சங்கீதம். கோப்பு வகை சாதாரண வேவ் என்றே இருக்கட்டும். தன் நீளத்தை எழுதிக்கொள்ள அதற்கு இருக்கும் இடம் 32 பிட். ஆகவே 4 ஜிபி சொச்சத்தில் அதன் உலகம் முடிகிறது. உங்கள் அமைப்பில் அந்த எல்லை 62-ஆம் நிமிடம். ராகம் தானம் பல்லவியை நிதானமாகத் தொடங்கினால் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் வந்து சேரும். பெரிய கோப்புக்கான ஆர்எஃப்64 வகையை மென்பொருளில் யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள், தேடாதீர்கள். பழைய பென் டிரைவில் நேரடியாகப் பதிவு செய்தாலும் பலன் இதேதான்; அதன் ஃபேட்32 அமைப்பிலும் ஒரு கோப்புக்கு வரம்பு 4 ஜிபி.

9. கேட்பதிலும் குறை வைக்காதீர்கள்

மாமா மகன் அனுப்பிய 128 கேபிபிஎஸ் எம்பி3 இருக்கிறதா? அதை 192-இல் வேவாக மாற்றுங்கள். திரையில் 192 என்று வரும். அலைவரிசைப் படத்தைத் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டினாற்போல் இருட்டாக இருக்கும். எனவே திறக்காதீர்கள்.

ஹெட்போன் ப்ளூடூத்தில் இருக்கட்டும். கருவியில் ஹெட்போன் துளை இருக்கிறதே என்பார்கள். வயர் சிக்கிக்கொள்ளும் என்று பதில் சொல்லுங்கள். உங்கள் 192-ஐ ப்ளூடூத் வழக்கம்போல் சுருக்கி, பிழிந்து, காதுக்குள் விடும். கேட்டுக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரில் ஒரு கால் வந்தால், விண்டோஸ் தானாகவே மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்துவிடும். அப்படித்தான் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் விற்பவர் பேசும்போது பின்னால் காம்போதி மெலிதாக ஓடிக்கொண்டிருக்கும்.

10. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்

2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹை-ரெசல்யூஷன் ஒலியை ஒருமுறை அப்படியே, இன்னொருமுறை 16 பிட் 44.1 வழியாக நுழைத்து, எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 தடவையில் 276 தடவை சரியான பதில் வந்தது. நாணயத்தைச் சுண்டியிருந்தால் 277. இந்தச் சோதனையை மறந்துவிடுங்கள். 2016-இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து 52.3 சதவீதம் என்று கண்டதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2.3-இல் நீங்கள் இருக்கிறீர்கள். எப்போதும் திரையில் எண்ணைப் பார்த்தபடியே கேளுங்கள், தெளிவு கூடும்.

11. குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்

இத்தனைக்குப் பிறகும் பதிவு நன்றாக இல்லையென்றால் காரணம் கருவிதான். அறை இல்லை, மைக் இல்லை, சார்ஜர் இல்லை. 48-இல் வைத்து, விசிறியை ஐந்து நிமிடம் நிறுத்தி, ஜன்னலில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டுப் பார் என்று யாராவது யோசனை சொன்னால், 'உங்க இன்டர்ஃபேஸ் எத்தனை கிலோஹெர்ட்ஸ்?' என்று கேளுங்கள். 96 என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு அவரோடு பேச ஒன்றுமில்லை.

384 கிலோஹெர்ட்ஸ் போட்ட பெட்டிகள் சந்தைக்கு வந்தாயிற்று. உடனே ஆர்டர் செய்யுங்கள். பழையதை விற்க விளம்பரம் இப்படி இருக்கட்டும்: 'அட்டைப்பெட்டியுடன். ஒரே ஆள் பயன்படுத்தியது. கெயின் குமிழ் வலப்பக்கம் மட்டும் திரும்பியது. 48 வோல்ட் பொத்தான் புத்தம் புதுசு.'